இருபத்தேழாம் நம்பர் இலை

மூன்று வருஷமாக என் வேலை, இலைச் சாற்றை டெங்கு வைரஸ் மேல் விட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி வைப்பது. போர்ட் பிளேயரில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் நான் லேப் உதவியாளர். தீவு தீவாகப் போய்ப் பறித்த செடிகளுக்கு நம்பர் கொடுத்திருந்தோம். இருபத்தாறு வரை வைரஸ் எங்களைச் சட்டையே செய்யவில்லை.

தட்டில் வளர்க்கும் செல்களில் வைரஸ் புகுந்த இடம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். இருபத்தேழில் ஒரு புள்ளிகூட இல்லை. அது எங்கள் ஊர் லாங் ஐலண்டின் இலை. காய்ச்சல் விட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றும் வெந்நீரில் போடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டத் தலைவர் சிவஞானம் சார் வருவதற்குள் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: “நம்ம ஊரு எல டெங்குவக் கொல்லுது.”

சார் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: வைரஸ் இல்லாமல் சாறு மட்டும் விட்ட தட்டைப் பார்த்தாயா, விஜயகுமாரி? பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தால் அதில் செல்கள் கூண்டோடு செத்துக் கிடந்தன. வைரஸ் வாழ்வதே செல்லுக்குள்தான். வீட்டைக் கொளுத்திவிட்டு மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்று கைதட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே குழுவில் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரே பாராட்டு மழை. இத்தனை படித்துவிட்டு லேபில் கண்ணாடி கழுவுகிறாள் என்று பேசிய வாயெல்லாம் என்னை விஞ்ஞானி என்றது. நாலு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்கம், வேறென்ன?

பத்தாம் நாள் குட்வில் எஸ்டேட்டில் தம்பி வீட்டுக்குப் போனேன். யோகராஜ் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறான். அன்று கட்டிலில் சுருண்டு கிடந்தான். நாலு நாளாகக் காய்ச்சல். டெங்கு என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அவன் மனைவி நீலாவதி டம்ளரில் கறுப்பாகக் கஷாயம் கொண்டுவந்தாள்.

“நீங்க சொன்ன எலதான் அண்ணி. ஊர்லேருந்து போட்ல வரவழைச்சேன். அட்மிட் பண்ணச் சொன்னாங்க, நான்தான் ஸரூரத் நஹி, தேவையில்லன்னுட்டேன்.”

குணமான பிறகு சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தாளாம். குளிக்க மட்டுமே வைத்திருந்த இலையைக் குடிக்க வைத்தது என்னுடைய ஒரு வரி. டம்ளரைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத் தட்டணுக்கள் கிடுகிடுவென்று இறங்கின. ஈரலும் கெட்டிருந்தது, அது டெங்குவாலா, இலையாலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. என்னாலும்தான். அந்த நாட்களில் நான் சாமிகூடக் கும்பிடவில்லை. எந்த முகத்தோடு கும்பிடுவது?

ஐந்தாம் நாள் தம்பி தேறினான். உடனே குழுவில் எல்லோரும் இலைதான் காப்பாற்றியது என்றார்கள். லாங் ஐலண்டிலிருந்து பெரியப்பா மகள் ராணி, தன் பெண்ணுக்குக் காய்ச்சல், எத்தனை இலை போட வேண்டும் என்று கேட்டிருந்தாள். கொடுக்காதே என்று எழுதினேன். உன் தம்பிக்கு ஒரு நியாயம், என் பெண்ணுக்கு ஒரு நியாயமா என்று பதில் வந்தது.

யோகராஜ் போனை வாங்கிக் குரல் பதிவு செய்தான். “ராணிக்கா, குடிச்சவன் சொல்றேன், குடுக்காதீங்க. என்னைய காப்பாத்துனது ஆஸ்பத்திரி. அக்கா சொன்னத நாங்கதான் தப்பா புரிஞ்சிக்கிட்டோம். பஸ், அவ்வளவுதான்.”

அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டானாம். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் நீலாவதி, தப்பாகப் புரிந்துகொண்டவள் தான்தானே என்று தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். போனைக் கையில் எடுத்து நானும் குழுவுக்குப் பதிவு செய்தேன்.

“அவங்க தப்பா புரிஞ்சிக்கல. நான் சொன்னதுதான் தப்பு. அது அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன்.”

ராணி அன்று மதியமே பெண்ணைப் போட்டில் ஏற்றி ரங்கத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நீலாவதி அழுகையை நிறுத்திவிட்டு, நாற்காலியைத் தம்பியின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை.