பத்து விளக்கு

விமானத்தளத்து வானிலை அலுவலக மாடியில் நின்று அவள் மூன்றாவது முறையாக எண்ணினாள். ஓடுபாதையின் ஓரத்து விளக்குகள், அறுபது மீட்டருக்கு ஒன்று. ஒன்பது, பத்து. பதினொன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றது. பத்து விளக்கு தெரிந்தால் பார்வைத் தூரம் அறுநூறு மீட்டர். விமானம் இறங்க எண்ணூறு வேண்டும்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த ராணுவ விமானத்தில் அவளுடைய தம்பி பயணியாக இருந்தான். விமானத்தளத்து வேலிக்கு அந்தப் பக்கம், ஓடுபாதையைப் பார்த்த ஜன்னல் வைத்த வீட்டில், அப்பா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் அவள் தயங்கி நின்றபோது துரத்தியவரே அவர்தான். "டியூட்டிக்குப் போ. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்." முப்பத்தொரு வருஷம் இதே மாடியில் நின்று காற்றையும் மேகத்தையும் எழுதிக் கொடுத்த மனிதர். ஒரு மீட்டர்கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டார். விமானிகள் அவருக்கு வைத்த பெயர் கஞ்சன். அந்தப் பெயரை அவர் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

படியிறங்கும்போது அம்மா போனில் வந்தாள். "மூச்சு இழுக்குதும்மா. தம்பி எங்க?"

"மேலதாம்மா இருக்கான்."

"அப்போ இறங்கச் சொல்லேன்!" பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

கட்டுப்பாட்டு அறை அதிகாரி கெட்டவர் அல்ல. அப்பாவோடு வேலை பார்த்தவர். "இன்னும் பத்து நிமிஷம்தான் சுத்த முடியும். அப்புறம் அடுத்த தளத்துக்குப் போயாகணும். அங்கேர்ந்து ரோட்டுல அஞ்சு மணி நேரம்" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "பைலட் கெட்டிக்காரன். நீ எண்ணூறுன்னு எழுதினா நான் ஒண்ணும் கேட்க மாட்டேம்மா."

ஒரே ஓர் எண். எழுதிவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் விமானத்தில் தம்பியோடு இன்னும் இருபத்திரண்டு பேர். அவர்களையும் யாரோ பெற்றுத்தானே அனுப்பியிருக்கிறார்கள்?

"அறுநூறு சார். ஓடுபாதை ஈரம். காத்து இல்ல."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தார். விமானச் சத்தம் தலைக்கு மேல் வந்து, வளைந்து, தேய்ந்து போனது. பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவள் அழுதாள்.

அரை மணியில் அம்மா மறுபடி அழைத்தாள். இந்த முறை அழுகை மட்டும்தான் கேட்டது.

தம்பி வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. அப்பாவின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பி அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

"வெளியில வெயில் எப்படிக் காயுது பாரு! இருநூறு மீட்டர், அக்கா. வெறும் இருநூறு மீட்டர். அவர் முகத்த உயிரோட ஒரு தடவ பார்க்க விட்டியா நீ?"

அவள் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். எதைச் சொன்னாலும் சாக்குச் சொல்வது போலத்தான் இருக்கும்.

"அவளைத் திட்டாதடா" என்றாள் அம்மா, கட்டிலைப் பிடித்தபடி. "பிளேன் சத்தம் திரும்பிப் போனப்போ நானும்தான் கத்தினேன், ஐயோ புள்ள போறானேன்னு. உங்கப்பா ஜன்னலையே பார்த்துட்டிருந்தார். சிரிச்சார்டா! இழுக்கிற மூச்சுல சிரிப்பு வேற. 'பத்துதான் தெரியுது, நானும் எண்ணிட்டேன். எம்பொண்ணு என்னைவிடப் பெரிய கஞ்சன்'னார். அப்புறம், 'பையன் பத்திரமா இருப்பான்'னார். அதோட சரி."

துக்க வீட்டில் பெருமைப்படலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டாள். நெஞ்சு கொள்ளாமல் பட்டாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கின. தம்பி போய் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அக்கா, இங்கேர்ந்து மொத்தம் எத்தனை தெரியும்?"

"நீயே எண்ணு."

சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினான். அதற்கப்பாலும் விளக்குகள் தெரிந்தன; பத்து வந்ததும் நின்றுவிட்டான். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.