மேசைக்குக் கீழே இரண்டு கிண்ணங்கள்

1

இந்தக் கதை என் வாயில் பிறந்தது. மூளைக்கு இதில் பங்கில்லை. சீனாவின் ஷாவ்சிங் துணிச்சந்தையில் பதினாலு வருடமாகத் தரகு பார்க்கிறேன். எதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தன் வழுக்கைத் தலையைத் தடவியபடி ஷென்...’

நிறுத்திவிட்டேன். ஷென் தமிழ் படிக்கப்போவதில்லைதான். இருந்தாலும் நாலு பேர் முன்னால் ஒருவருடைய வழுக்கையை எதற்கு இழுப்பது? (அவருக்கு அடர்ந்த முடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

2

ஷென் சாயப்பட்டறைக்காரர். கால்வாயின் எதிர்க்கரையில் தறி ஓட்டுபவர் லோ அக்கா. மகளின் கல்யாணத்துக்குத் தானே பார்த்துப் பார்த்துப் பட்டு நெய்தார். சாயத்துக்கு மட்டும் அதை ஷென்னிடம் தராமல் வேறு பட்டறைக்குக் கொடுத்தார். கல்யாணத்தன்று, ஊரே பார்த்திருக்க, ஷென் கட்டைவிரலை நாக்கில் நனைத்து மணப்பெண்ணின் சிவப்புக் கையில் — மன்னிக்கவும், சட்டைக் கையில் — தேய்த்தார். விரல் சிவந்தது.

“இன்னொரு முக்கு முக்கியிருக்கணும்.”

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். சண்டையெல்லாம் கிடையாது. பாலத்தில் எதிர்ப்பட்டால் அவ்வளவு மரியாதையாகத் தலையசைத்துக்கொள்வார்கள், பார்க்கிற நமக்குக் குளிரும்.

வரும் வெள்ளிக்கிழமை ஷென் பட்டறையை விட்டுவிட்டு, வடகோடி ஹார்பினில் இருக்கும் மகன் வீட்டுக்கே போகிறார். அதற்குள் இது தீர வேண்டும். இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து ஒன்றையேதான் சொன்னார்கள்: “தம்பி, எல்லாரையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடேன்.”

எதற்கு என்று இருவருமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமைவரை நீடித்திருக்கலாம்.

3

ஞாயிற்றுக்கிழமை விருந்து. மேசையில் ஏழு பேர்; எங்கள் மூவரைத் தவிர நாலு வியாபாரிகள். மீன் வந்தது. அதன் தலை ஷென்னைப் பார்க்கும்படி லோ அக்கா சுழல்தட்டை மெல்லத் திருப்பினார். இங்கே மீன்தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கே முதல் மரியாதை. அதிலேயே பாதிப் பிணக்கு தீர்ந்திருந்தது. எனக்கோ மனசு பொங்கிவிட்டது. எழுந்து நின்றேன்.

“அக்கா! ஷென் அண்ணன் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்காரு!”

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் ஒரு மழையைக் கொண்டுவருவான். எனக்கு மழை வரவில்லை. ஒருவரும் மெல்லவில்லை. இனி ஷென் கேட்டால் அவர் மூக்கு உடையும். கேட்காவிட்டால் லோ அக்காவின் மூக்கு.

லோ அக்கா என் கிண்ணத்தைப் பார்த்தார். சூடான அரிசி மது, விளிம்புவரை, தொடாமல்.

“பாவம், தம்பிக்கு ஏறிடுச்சு.”

ஷென் இமைக்கவே இல்லை. “நாலாவது கிண்ணம். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“வெறும் வயித்துல குடிச்சா இப்படித்தான். அந்த மொச்சையக் கொஞ்சம் குடுங்கண்ணே.”

“குடுக்கறேன், தங்கச்சி. டேய் தம்பி, வாயத் தொற. போட்டதும் மூடிடு, திரும்பத் தொறக்காத.”

மேசையே சிரித்தது. இரண்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு, என்னைப் பற்றிய ஒரு பொய்.*

* நான் குடிப்பதில்லை. அந்த மேசையில் அது தெரியாதவர் யாருமில்லை.

4

தந்த போதையைக் காப்பாற்ற வேண்டுமே. கன்னத்தை மேசைமேல் சாய்த்தேன். ஒருமுறை விக்கினேன். (கொஞ்சம் அதிகப்படி.)

முடிவுக்கு வருகிறேன். முதல் வரைவு: ‘ஷென் தழுதழுத்த குரலில்...’ வேண்டாம். இரண்டாவது: ‘லோ அக்கா கண்ணைத் துடைத்தபடி...’ அதுவும் வேண்டாம். அவர்கள் செய்ததைவிட அழகாக எனக்கு யோசிக்க வரவில்லை.

ஷென் கிண்ணத்தோடு எழுந்தார். லோ அக்காவும். இங்கே கிண்ணங்கள் தொடும்போது எவருடைய விளிம்பு தாழ்ந்திருக்கிறதோ, அவர் மற்றவரை உயர்த்துகிறார். ஷென் தாழ்த்தினார். லோ அக்கா அதற்கும் கீழே கொண்டுபோனார்.

“என்ன தங்கச்சி இது, மேல தூக்கு.”

“பெரியவங்க நீங்க தூக்குங்க.”

“எனக்கு முட்டி வலி, ரொம்ப எறங்க முடியாது.”

“அப்ப நில்லுங்க, நான் எறங்கிக்கறேன்.”

“அதெப்படி!”

இரண்டு கிண்ணங்களும் என் கண்ணுக்கு நேரே வந்தன. ஒரு நொடி நின்றன. பிறகு மேசை விளிம்புக்குக் கீழே போயின. நாற்காலிகள் நகர்ந்தன. முட்டி ஒன்று சொடுக்கியது. கீழேயிருந்து ‘டிங்’ என்று சின்னச் சத்தம்.

5

யாருடைய கிண்ணம் தாழ்ந்திருந்தது? நாலு வியாபாரிகளும் அந்த நேரம் பார்த்து மீனில் முள் தேடத் தொடங்கிவிட்டார்கள், அப்படியொரு கவனம்.

மேசைவிரிப்பின் ஓரம் உங்கள் பக்கம்தான் தொங்குகிறது, வாசகரே. தூக்கிப் பார்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்காதீர்கள். எனக்கு நாலு கிண்ணம் ஏறியிருக்கிறது. ஆறு பேர் சாட்சி.