கதூனாவின் அண்ணன்

ஜார்ஜியர்களுக்கு ஐரோப்பா போக விசா வேண்டாம் என்று ஆன மறு வருஷம், கோச்சாவும் கதூனாவும் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் என் வீட்டு வாசலில் நனைந்தபடி வந்து நின்றார்கள். கதூனாவின் மாமன் மகள் என்னோடு பள்ளியில் படித்தவள். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் ஒன்பது வருஷமாக அந்த ஊரில் அடுக்குமாடிகளின் படிக்கட்டைக் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்தவள். துணி காயப்போடும் பின்னறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தேன்.

கோச்சாவுக்கு வயது நாற்பத்தாறு. ருஸ்தாவியில் உருக்காலையில் கிரேன் ஓட்டியவன். ஆலையில் ஆட்களைக் குறைத்ததும் ரஷ்யாவுக்குப் போய் ஆறு வருஷம் கட்டட வேலை செய்தான். கதூனா ஊரில் கணக்கு டீச்சர். ஒரே மகளின் கல்யாணத்துக்குக்கூட முதல் நாள்தான் வந்து சேர்ந்தானாம். அன்றைக்கே இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

"இனிமே பிரிஞ்சு இருக்கறதில்லக்கா. பட்டினி கெடந்தாலும் ஒண்ணாத்தான்" என்றாள் கதூனா, வந்த அன்று.

மறுநாள் நகராட்சிக்குக் கூட்டிப்போய் இருவர் பெயரையும் என் முகவரியில் பதிய வைத்தேன். மூன்று வருஷம் இங்கேயே இருந்ததாகக் காட்டி, யாராவது வேலை ஒப்பந்தமும் கொடுத்தால்தான் இங்கே குடியிருக்க அனுமதி கிடைக்கும். அனுமதி இருந்தால்தான் ஒப்பந்தம் கொடுப்பார்கள். இந்தச் சுழலை விளக்கியபோது கோச்சா சிரித்தான்.

"கோழியா முட்டையான்னு கேக்கறாங்க. நமக்கு ரெண்டுமே இல்ல."

தினமும் விடியுமுன் எழுந்து, வேன்கள் வந்து கூலியாள் ஏற்றிக்கொள்ளும் சாலைமுனைக்குப் போய் நிற்பான். இரண்டு மாதத்தில் ஐந்து நாள் வேலை கிடைத்தது. கட்டுமான இடங்களில் "பேப்பர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். கிரேன் ஓட்டிய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போவான். யாரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

பெண்களுக்கு மட்டும் ஒரு வேலை எப்போதும் உண்டு. கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டோடு தங்க வேண்டும். மாதாகோவில் சகோதரி ஒருத்தி சொல்லி, இட்சியார் என்ற வக்கீல் அம்மாவைப் பார்க்கக் கதூனாவைக் கூட்டிப்போனேன். அவருடைய தாய் மிலாக்ரோஸுக்கு எண்பத்தொன்பது வயது. நினைவு வந்து வந்து போகும்.

"புருஷன் இருந்தா வேண்டாம். போன தடவ இருந்தவளோட புருஷன் தெனம் வாசல்ல வந்து நின்னான்" என்றார் இட்சியார்.

நான் மொழிபெயர்ப்பதற்குள் கதூனாவுக்கே புரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்த நூறு ஸ்பானிய வார்த்தைகளுக்குள் தேடி ஒரு வார்த்தையை எடுத்துச் சொன்னாள். விதவை.

சாயந்தரம் கோச்சா பீன்ஸ் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினான்.

"எப்படிச் செத்தேன்?"

"மாரடைப்பு."

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்ல. தூக்கத்துலயே போயிட்ட."

"குடுத்து வெச்சவன்" என்று சிரித்தான். ஆனால் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனான்.

கதூனா மிலாக்ரோஸ் வீட்டோடு தங்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு விடுப்பு. அன்று அவள் கோச்சாவைப் பார்க்க வருவாள்; நான் பூசை முடிந்தும் வீட்டுக்கு வராமல் ஆற்றங்கரையில் குடையோடு நடந்துகொண்டிருப்பேன். வேறென்ன செய்ய? சுவர் அத்தனை மெல்லியது.

குளிர்காலத்தில் மிலாக்ரோஸ் கட்டிலிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை மாடிக்கு ஏற்ற ஆள் தேவைப்பட்டது. "எங்க அண்ணன் இருக்கான்" என்று கதூனா சொல்லிவிட்டாள். கோச்சா போனான். கட்டிலை ஏற்றினான், கொதிகலனைச் சரிசெய்தான், கிழவியைக் குழந்தையைப்போலத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். இட்சியாருக்குப் பிடித்துப்போயிற்று. வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார். அந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த ஒரே நிலையான வேலை, பெண்டாட்டிக்கு அண்ணனாக இருப்பது.

ஒருநாள் கிழவி இருவர் கையையும் பிடித்துக்கொண்டாளாம். "இவ்வளவு நல்ல பையன் தனியா இருக்கலாமா? ஒரு பொண்ணப் பாருங்க" என்றாளாம். இட்சியாரும் உற்சாகமாகி, தன் அலுவலகத்தைப் பெருக்கும் பராகுவே பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று கோச்சா எங்கள் மொழியில் கேட்டிருக்கிறான்.

"உனக்குப் பொண்ணு பாக்கறாங்க. சிரி. தலைய ஆட்டு."

"கட்டுனவ பக்கத்துல உக்கார வழியில்ல. இதுல இன்னொருத்தியா?"

"சிரிடா, பாக்கறாங்க."

அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்து என் சமையலறையில் உட்கார்ந்தான். "எத்தேரி, எனக்கு அங்க நல்லாப் பழகிப்போச்சு. அவளப் பாத்தா நெஜமாவே தங்கச்சி மாதிரி பேச வருது. அதான் பயமா இருக்கு" என்றான்.

பிப்ரவரியில் மிலாக்ரோஸ் இறந்தார். கதூனா மூன்று நாளில் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பெட்டியோடு என் பின்னறைக்கு வந்தாள். ஒன்பது நாள் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். அவன் சமைத்தான்; அவள் தூங்கித் தூங்கி எழுந்தாள். பத்தாம் நாள் இட்சியார் தொலைபேசியில் அழைத்தார். பேருந்தில் இரண்டு மணி நேரத் தூரத்திலிருக்கும் பூர்கோஸ் ஊரில் அவருடைய சிநேகிதியின் தந்தைக்கு ஆள் வேண்டும். மாதம் ஒரே ஞாயிறு விடுப்பு. ஆனால் மூன்று வருஷம் முடிந்ததும் ஒப்பந்தம் தருவார்கள். 'விதவை, எந்தத் தொல்லையும் இல்லை' என்று அவரே சிபாரிசு செய்திருந்தார்.

"நான் ஊருக்குப் போறேன்" என்றான் கோச்சா.

"அப்ப நானும் வரேன்."

"வந்து? உன் ஸ்கூல்ல வேற ஆளு வந்தாச்சு. ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம்னா?"

"அதுக்குத்தானடா வந்தோம்!" என்று அவள் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

விசா இல்லாமல் தங்கக்கூடிய மூன்று மாதக் கெடுவைத் தாண்டித் தங்கியதற்காக, மறுபடி உள்ளே வர விமான நிலையத்தில் அவனுக்கு ஐந்து வருஷத் தடை போட்டார்கள். அவள் பூர்கோஸ் போனாள்.

மூன்றரை வருஷம் கழித்து அவளுக்கு அனுமதி அட்டை வந்தது. அதை வைத்துக்கொண்டு முதல் தடவையாக ஊருக்குப் போனாள். மூன்று வாரம் விடுப்பு. பதினோராம் நாளே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

"கோச்சா எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான்கா இருக்கான். பஸ் டிப்போவுல காவலாளி. என்னைய மகாராணி மாதிரி பாத்துக்கிட்டான்." டீயைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அங்கயும் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, பூர்கோஸ் பெரியவருக்கு மாத்திரை குடுக்கணும்னு இருட்டுல தடவறேன். அவன் எழுந்து பாக்கறான். 'என்ன வேணும் உங்களுக்கு?'ன்னு கேக்கறான்க்கா. உங்களுக்குன்னு. விருந்தாளியக் கேக்கற மாதிரி."

பெரியவர் அவள் இல்லாமல் சாப்பிட மறுக்கிறார் என்று பூர்கோஸிலிருந்து போன் வந்ததாம். அதைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டாள். கோச்சா தடுக்கவில்லை.

பூர்கோஸ் போகும் மத்தியானப் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டு, எனக்குக் கழுவ இன்னும் இரண்டு படிக்கட்டு பாக்கி இருந்ததால், அது நகரும்வரை நிற்காமல் திரும்பினேன்.