பொட்டலத்தில் வந்த அமெரிக்கா

அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. சென்னப்பட்டணத்தையே ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அதுவும் காய்ச்சலோடு. ஆனாலும் நாலு வருஷமாக, மாதம் தவறாமல், அமெரிக்காவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவந்தவன் நான். வேலூரில் அச்சாகும் ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் ‘அமெரிக்கக் கடிதம்’ என்று ஒரு பக்கம் எனக்குக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் ‘யோவான், உபாத்தியாயர், ஆரணி’ என்று போடுவார்கள். அந்தப் பேரை அச்சில் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவேன்.

பிரசிடெண்டு தேர்தலில் எந்தக் கட்சி பேசியது நியாயம், ரயில் கம்பெனிக்காரர்களின் பேராசை எதில் போய் முடியும், பெண்கள் காலேஜில் படித்தால் குடும்பம் கெடுமா கெடாதா, எல்லாவற்றுக்கும் என்னிடம் தீர்ப்பு தயார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். அது யாருக்காகச் சொன்ன பழமொழி என்று இப்போது எனக்குத் தெரியும்.

எனக்குச் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். மிஷன் மருந்துச் சாலைக்கு வருஷத்துக்கு இரண்டு பெட்டி அமெரிக்காவிலிருந்து வரும். சீசா உடையாமலிருக்க ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றியிருப்பார்கள். அந்தக் கசங்கல்களைக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிவந்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் படித்து, தமிழில் எழுதுவேன். தாளின் தலைப்பக்கம் கிழிந்திருக்கும், தேதி இருக்காது. நான் அதற்காக ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. எங்கள் ஊரில் ஒரு காகிதம் வந்த மறுவாரமே மளிகைக் கடையில் மிளகாய்ப் பொட்டலமாகிவிடும். பொட்டலம் கட்டிய தாள் என்றால் போன மாதத்துத் தாள் என்றுதானே ஆரணிக்காரனுக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெயில் தாழ்ந்ததும், சேரிப் புளியமரத்தடியில் அந்த மாதக் கடிதத்தைப் படித்துக்காட்டுவேன். நான் பிறந்த சேரிதான். வேதத்துக்கு வந்து கிறிஸ்தவரானவர்கள், வராதவர்கள், எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். முதல் ஆளாக வருகிறவன் வீரன். அவன் வேதத்துக்கு வராதவன், என் வயதுக்காரன். இருவரும் ஒன்றாக மாடு மேய்த்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவன் விறகு சுமக்கப் போனான். படவேட்டுக் காட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் விறகைத் தலைச்சுமையாகச் சாயப்பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அங்கே பட்டுநூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்புகள் அணையவே அணையாது.

பட்டறைகள் நெசவுத் தெருவின் மறுகோடியில் இருந்தன. தெரு வழியாகப் போனால் நாலு எட்டு. ஆனால் காலையில் தெரு நெடுகத் தறிக்கு ஏற்றும் பட்டுநூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருப்பார்கள். எங்கள் ஆட்களின் நிழல் பாவில் பட்டால் தீட்டு என்பார்கள். பாவு இல்லாத வேளையிலும் அந்தத் தெருவில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. ஆகவே, கழுத்து ஒடிகிற சுமையோடு வாய்க்கால் கரையைப் பிடித்து அரை மைல் சுற்ற வேண்டும். எங்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் சுற்றினார்கள்.

வீரனுக்கு ஒரு பழக்கம். நான் ஒரு சேதி படித்து முடித்ததும் ‘அப்புறம்?’ என்பான். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மறுபடியும் ‘அப்புறம்?’ என்பான். சில நாள் எனக்குக் கோபம் வந்துவிடும்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதக் கடிதத்தில் நான் எழுதிய சேதி இது. அமெரிக்காவின் தென்பக்கத்து மாகாணங்களில், சந்தையில் மாடுபோல விற்கப்பட்டுவந்த கறுப்பு ஜனங்கள் இப்போது ஓட்டுப் போடுகிறார்கள். தங்களில் ஒருவரைப் பெரிய சட்டசபைக்கே அனுப்பிவிட்டார்கள். தட்டினால் திறக்காத கதவு உலகத்தில் இல்லை, தட்டத்தான் ஆள் வேண்டும் என்று என் அபிப்பிராயத்தையும் கீழே சேர்த்திருந்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

வீரன் அதை மூன்று தரம் படிக்கச் சொன்னான்.

“அவன் போய் அந்த சபையில உக்காந்தப்ப யாரும் அடிக்கலியா?”

“அடிக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? உக்காந்துகினு சட்டம் பண்றாங்க.”

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலையில், வீரன் சுமையோடு நேராக நெசவுத் தெருவுக்குள் நடந்தான். மறித்தவர்களிடம் அமெரிக்காக் கதையைச் சொன்னானாம். “விக்கப்பட்டவன் சட்டசபையில குந்தறான். நான் வெறகு கொண்டுபோக வழிதானே கேக்கறேன்” என்றானாம். அடித்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான். சுமை சரிந்து கழுத்தில் விழுந்ததாகப் போலீஸ் காகிதத்தில் எழுதி விஷயத்தை முடித்தார்கள்.

அதற்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம், காலிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துதான் நான் வழக்கமாக எழுதுவேன். பேனாவை எடுத்ததும் ஈர விறகின் வாடை வரும். ஒரு வரி எழுதி நிறுத்தினால், பின்பெஞ்சிலிருந்து ‘அப்புறம்?’ என்று கேட்கும். சத்தமாக இல்லை, புளியமரத்தடியில் கேட்டது எப்படியோ அப்படியே. ஒரு நாள் சோறு கொண்டுவந்த என் மனைவி ஜெபராணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யார்கிட்ட பேசிகினு கீறீங்க?” என்றாள்.

நான் பதில் சொல்லிக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தாம் நாள், மருந்துச் சாலைக்குப் புதிதாக வந்திருந்த அமெரிக்க அம்மாள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தபோது என் மேஜைமேல் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். இது நான் குழந்தையாக இருந்தபோது வந்த பத்திரிகை, இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும் என்றாள். செத்துப்போன ஒரு கிழவியின் வீட்டுப் பரணிலிருந்து பழந்தாள்களை அள்ளி அந்தப் பெட்டியைக் கட்டினார்களாம். புதுசு படியுங்கள் என்று தன்னிடமிருந்த நாலு தாளைக் கொடுத்தாள். நல்ல மனசு அவளுக்கு. என் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை.

புதுத் தாள்களைப் படித்தேன். அதே தென்பக்கத்து மாகாணங்கள். கறுப்பு ஜனங்களின் ஓட்டை ஒவ்வொரு ஊராகப் பறித்துவிட்டார்கள். படிப்புச் சோதனை, வரி என்று அதற்குச் சட்டமே செய்துவிட்டார்கள். ஒரு ஊரில் ஒரு ஆளை ஜனங்கள் கூடி மரத்தில் தூக்கியிருந்தார்கள். விசாரணை கிடையாது. வேடிக்கை பார்க்கக் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று எழுதியிருந்தது. வீரன் கேட்ட ‘அப்புறம்’ இதுதான். அவன் நம்பிப் போன சேதி அவன் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போயிருந்தது.

பதினைந்தாம் நாள் வீரனின் பெண்டாட்டி முனியம்மா வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேயே நின்று பேசினாள்.

“நாளைக்குப் பதினாறு. அவருக்குப் புடிச்சதெல்லாம் வெச்சுப் படைக்கணும். கருவாட்டுக் கொழம்பு, சுருட்டு, சாராயம் எல்லாம் வெச்சிருவேன். ஆனா அவருக்கு ரொம்பப் புடிச்சது நீங்க படிக்கிற சேதிதாங்க. வந்து ஒருதரம் படிச்சிருங்க.”

மிஷன் சம்பளக்காரன் படையல் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. அவள் போகும்போது சொன்ன சொல்தான்.

“வேடியப்பன் கேக்கட்டும். நாளானிக்கு காலையில அண்ணன் போன வழியில தானும் போறேன்னு சொல்லிகினு கீறான்.”

வேடியப்பன் வீரனின் தம்பி. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய சேதியைப் படித்தால் அவனையும் அனுப்பிவைத்த பாவம் எனக்கு. புதுசைப் படித்தால், வீரன் ஒரு பழந்தாளுக்காகச் செத்தான் என்று அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

படையல் போட்டாகிவிட்டது. கூரைமேல் இலையில் சோறு வைத்து முனியம்மா காக்கையைக் கூப்பிட்டாள். புளியமரத்தில் ஒரு காக்கை இருந்தது, இறங்கவில்லை. நேரம் ஆக ஆகக் கூட்டம் முணுமுணுத்தது. செத்தவனுக்கு ஏதோ குறை இருந்தால் காக்கை சோற்றைத் தொடாது.

“சேதிக்குக் காத்துகினு கீறாரு. படிங்க வாத்தியாரே” என்றாள் முனியம்மா.

ஐப்பசிக் கடிதத்தை எடுத்தேன். சட்டசபை வரை படித்தேன். நிறுத்தியதும் என் காதோரம் ‘அப்புறம்?’ என்றது. உச்சிவெயிலில், நாற்பது பேர் நடுவில், ஈர விறகு வாடையோடு. நான் தாளை மடித்துவிட்டேன்.

“இது இருவது வருஷத்துப் பழைய சேதி. எனக்குத் தெரியாம போச்சு” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டைப் பறித்ததை, மரத்தை, தோளில் உட்கார்ந்த குழந்தைகளை, ஒன்றையும் விடவில்லை. “நான் ஒழுங்கா விசாரிச்சு எழுதியிருந்தா வீரன் போயிருக்கமாட்டான். என்னாலதான் செத்தான்” என்றேன். அழுதேன். அழுதபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காக்கை அப்போதும் இறங்கவில்லை.

முனியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேப்பரு பழசுன்னா பழசு. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? தலையில சொமைய வெச்சிகினு அர மைலு சுத்தனவரு, எந்த ஊரு சேதி வந்தாலும் ஒருநாள் போயிருப்பாரு. நான் கேக்கறது அது இல்ல. மொத நாளு சாயங்காலம் ஒங்க வூட்டாண்ட வந்தாரே. கூட வான்னு கூப்புட்டாரே. இன்னா சொன்னீங்க?”

இத்தனை எழுதியும் இதை மட்டும் எழுதாமல் தாண்டிவந்துவிட்டேன், பாருங்கள். புதன்கிழமை சாயங்காலம் வீரன் வந்தான். “கோட்டு போட்டவன் ஒருத்தன் கூட வந்தா கை ஓங்க யோசிப்பாங்க, நாலு எட்டு கூட நடந்து வா வாத்தியாரே” என்றான்.

“இன்ஸ்பெக்டர் வராரு, பள்ளிக்கூடத்த உட்டு வர முடியாதுன்னு சொன்னேன்” என்றேன் முனியம்மாவிடம்.

“வந்தாரா?”

“வரல.”

“வரதா இருந்திச்சா?”

“இல்ல” என்றேன்.

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் கூரையில் சிறகுச் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எடுத்துட்டாரு” என்று ஒரு கிழவர் சொன்னார். முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிமிராமலிருந்தது வெட்கத்திலா, பயத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேடியப்பன் எழுந்து இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

“அந்த ஊருல அடிச்சாங்களோ கும்புட்டாங்களோ, காலையில நான் போறேன். நீங்க வரீங்களா? இல்ல, இன்ஸ்பெக்டரு வராரா?”

விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் தெருமுனையில் நின்றோம். நான் கோட்டுப் போட்டிருந்தேன். அவன் சுமையில் பாதியைப் பிரித்து என் தலையில் வைக்கச் சொன்னேன்; வைத்தான். மாடு மேய்த்த வயதுக்குப் பிறகு என் தலை சுமந்த முதல் விறகு அது. தெருவில் பாவு நீட்டியிருந்தது, சிவப்பு நூல். நூலை நீவிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. வேடியப்பன் முதல் அடியை வைத்தான், நானும் வைத்தேன்.

பதினொரு வருஷம் அந்த ஊரில் வாத்தியாராக இருந்தவன் நான். அமெரிக்காவில் எத்தனை மாகாணம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெருவில் எத்தனை வீடு என்று அன்றைக்குத்தான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்றாவது வீட்டு வாசலில் ஒருவர் கையை நீட்டி மறித்தார். வேடியப்பன் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.