மாறனின் பசி

வாழையிலை வாங்கப் போன ஜோதியம்மாள் கத்தரிக்காயோடு திரும்பி வந்தாள். மறுநாள் மகன் மணிவேலுக்குத் தலைத்திவசம். இலை இல்லை, பூசணி இல்லை, கற்பூரம்கூட இல்லை. பையைச் சமையலறையில் கவிழ்த்துவிட்டு, "மாறனுக்குக் கத்திரிக்கான்னா உசுராச்சே, அதான்" என்றாள். மருமகள் அருணாதேவி உருண்டோடிய காய்களைப் பொறுக்கி எடுத்தாள்.

மாறன் என்று ஒருவன் கிடையாது. அருணாதேவி கைபேசியில் எழுதும் காதல் தொடரின் நாயகன் அவன். செங்கம் ரோட்டு விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. ஷேர் ஆட்டோ ஓட்டப் போன புருஷன் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். துக்கம் கேட்க வந்த சனமெல்லாம் கிளம்பிப்போன பிறகு, வேங்கிக்கால் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் எழுத உட்கார்ந்தாள். பெயர்தான் மாறன். கொட்டாவியைப் பாட்டாக இழுப்பதும், மழை வந்தால் மலையைக் காட்டி 'அண்ணாமலையார் குளிக்கிறார் பாரு' என்பதும் அச்சு அசல் மணிவேல். கதையில் அவன் சாகவேண்டிய இடம் வரும்போதெல்லாம் கிரிவலப் பாதைக்கு அனுப்பிவிடுவாள். அங்கே மேகம் மலையை விட்டு இறங்கி வரும். அவனும் அவன் பெண்சாதியும் அதற்குள் நடப்பார்கள், நடப்பார்கள், பாதை தீரவே தீராது. 'மாறனைக் கொன்னா சும்மா விடமாட்டோம்' என்று வாசகிகள் மிரட்டினார்கள். மிரட்டாவிட்டால் மட்டும் கொன்றிருப்பாளாக்கும்!

அதை மாமியாருக்குப் படித்துக் காட்டியதுதான் வினை. சாயங்காலம் கடலை உரித்துக்கொண்டே கேட்ட ஜோதியம்மாளுக்கு மாறன் யாரென்று முதல் நாளே விளங்கிவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனாலும் மூச்சு விடவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். தினமும் கேட்டாள்.

"அத்தை, நாளைக்குப் படையல். கீழ்பென்னாத்தூர்லேர்ந்து சொந்தக்காரங்கல்லாம் வராங்க."

"வரட்டும், துன்னுட்டுப் போவட்டும். உசுரோட கீறவனுக்கு எவளாவது படைப்பாளா?"

"அது கதை அத்தை."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? நானு இன்னா பைத்தியமா?"

அருணாதேவிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலையில் பாதி மேகத்துக்குள் இருந்தது. இன்றைக்கே மாறனை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இலை விழாது. எழுதினாள், அழித்தாள். ஒருமுறை தாலியறுத்தது போதாதென்று, இன்னொரு தடவை தன் கையாலேயே அறுத்துக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஜோதியம்மாள் படியேறி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடிச்சிடறேன் அத்தை."

"முடிச்சிடு. ஆனா வெறும் வயித்தோட அனுப்பிடாத."

அருணாதேவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நீ வேலைக்குப் போயிட்ட. கல்லு காஞ்சிடுச்சி, தோசை ஊத்திட்டேன். சவாரி நிக்குது, வந்து துன்றேம்மான்னு போயிட்டான். வந்து துன்றேன்னு சொன்னவன் இன்னும் வரலியே அருணா. மாசா மாசம் அமாவாசைக்கு எலை போட்டுப் பாத்தேன், மனசு ஒப்பல. பசியோட போனவன எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்புடுவேன்?"

இந்தப் பேச்சு இவ்வளவு நாளாக இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. மணிவேலைப் பறிகொடுத்தவள் தான் ஒருத்திதான் என்பதுபோல அருணாதேவி தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைபேசியைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

மாறன் வாசலில் ஆட்டோவை நிறுத்தினான். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பசிக்குது என்றபடி உட்கார்ந்தான்.

"எத்தனை தோசை அத்தை?"

"மூணு. ஓரம் மொறுவலா. காரச் சட்னி ஜாஸ்தியா வையி."

அவள் எழுத எழுத, மேகம் மாடி வரைக்கும் வந்துவிட்டது போலிருந்தது. மாறன் நிதானமாகச் சாப்பிட்டான். கடைசித் துண்டால் தட்டிலிருந்த சட்னியை வழித்துத் தின்றான். ஜோதியம்மாள் வெறும் வாயில் அவனோடு சேர்ந்து மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை.

"கை கழுவிட்டாரு அத்தை. அனுப்பிடட்டுமா?"

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"இருடி," என்றாள் ஜோதியம்மாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "இன்னொண்ணு வேணுமான்னு கேளு."

கை கழுவிய வரியை அருணாதேவி அழித்தாள். மாறன் மறுபடியும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.