மூன்றாவது ஜோடி டிஸ்க்

ஒரே வருஷத்தில் ஒரே வண்டிக்கு மூன்று ஜோடி பிரேக் டிஸ்க் மாட்டிய மெக்கானிக் கொடைக்கானலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒரு மண்ணும் இல்லை. அதற்காக எனக்குக் கிடைத்த பட்டம் ‘டூப்ளிகேட் செல்லப்பாண்டி’.

பட்டம் கொடுத்தவன் மேல்மலையில் போளூர்க்காரன் கந்தவேல். டாக்சி ஓட்டுகிறான். ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, “செல்லப்பாண்டி அண்ணே மட்டமான டிஸ்க்கா மாட்டுறாரு, நாலு மாசம் தாங்க மாட்டேங்குது” என்று சொல்லியிருக்கிறான். என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஸ்பேனரால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு விஷயம் தெரிந்ததே பெரியண்ணன் என்கிற ஒருத்தன் மூலமாகத்தான். அவனும் டாக்சிக்காரன்தான். சொன்ன கையோடு, பிரேக் பார்க்க விட்டிருந்த தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“கோவிச்சுக்காத செல்லப்பாண்டி, புள்ளகுட்டிக்காரன் நான்” என்றான் போகும்போது. அப்போ நான் என்ன, சாமியாரா?

நாயுடுபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மலையில் பிரேக் வேலைக்குப் பெயர் கெட்டவன் அப்புறம் பஞ்சர்கூட ஒட்ட முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சித்திரை சீசனுக்கு முன்னால் ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் வரிசையாக என்னிடம்தான் வரும். இந்த வருஷம் பட்டறை வாசலில் நாய்தான் படுத்திருக்கப் போகிறது.

சக்கரத்துக்குள் பளபளவென்று தட்டு மாதிரி இருப்பதுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். கொடையில் மூடுபனியில் ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்குக் காலையில் டிஸ்க்கில் செம்மண் பூசியது போல் லேசாகத் துரு படியும். கிளம்பி நாலு தடவை பிரேக்கை மிதித்தால் பேட்டே அதைத் துடைத்துவிடும். இதற்காக எவனும் டிஸ்க் மாற்றுவதில்லை. கந்தவேல் வண்டியில் இருந்தது வேறு துரு. குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி. ஓரத்தில் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த டிஸ்க்கோடு மலை இறங்கினால் ஸ்டியரிங் உதறும், பிடிக்க வேண்டிய வளைவில் பிரேக் பிடிக்காது.

முதல் தடவை வந்தபோது புது ஜோடி மாட்டி, படித்துப் படித்துச் சொன்னேன்.

“ஏலே கந்தவேலு, சாயங்காலத்துல வண்டியக் கழுவாத. கழுவுனாலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, மெதுவா நாலு தடவ பிரேக்கப் புடிச்சு, காய வச்சு நிறுத்து. ஈரத் தார்பாயப் போட்டு மூடாத. துருவுக்குப் பயந்து எண்ணெய கிண்ணெயத் தடவிறாத. அப்புறம் வண்டி பெரியகுளத்துல நிக்காது, நேரா வைகை டேமுக்குள்ளதான் நிக்கும்.”

சரிண்ணே சரிண்ணே என்று தலையை ஆட்டினான். நாலே மாசத்தில் மறுபடியும் வந்து நின்றான்.

இரண்டாவது தடவை அவன் தனியாக வரவில்லை. போனில் ஒரு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கனடாவில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் குகன். அந்தப் பையனுக்கு இங்கே இருந்தவரை சைக்கிளுக்குக் காற்று அடிக்கத் தெரியாது. இப்போது ஏழு நிமிஷத்துக்கு வாய்ஸ் அனுப்புகிறான். தலைவிதியே என்று கேட்டேன்.

“இங்க பனி கொட்டுனா ரோடு வழுக்காம இருக்க உப்பக் கொட்டிருவாய்ங்கண்ணே. அந்த உப்புத்தண்ணி பட்டுச்சுன்னா ஒரே குளிர்காலத்துல டிஸ்க்கத் தின்னுரும். அடிக்கடி சக்கரத்துக்குள்ள நல்ல தண்ணியப் பீச்சிக் கழுவணும். கோட்டிங் போட்ட டிஸ்க்கா வாங்குங்க. வண்டிய சும்மா நிறுத்திப் போடாதீங்க.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “போடா போக்கத்தவனே, இங்க கஞ்சிக்கே உப்பு இருக்கான்னு பாத்துத்தான் போடுறோம். ரோட்டுல எவன் கொட்டுறான்?” என்றேன். கந்தவேல் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் மதுரைக்குச் சொல்லிவிட்டு, கோட்டிங் போட்ட டிஸ்க்கே வரவழைத்து மாட்டினேன்.

அதுவும் நாலு மாசம்தான் வந்தது. ஸ்டாண்டில் என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வியாழக்கிழமை காலையில் வண்டியோடு வந்து நின்றான். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். வாங்கிக்கொண்டே ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சக்கரத்தைக் கழற்றினால், உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது. சுண்ணாம்போ என்று விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. சுத்தமான சமையல் உப்பு.

“ஏலே, வண்டியில கருவாடு ஏத்துறியா?”

“இல்லண்ணே.”

“ராமேசுரத்துக்கு ட்ரிப் போயி கடலுக்குள்ள எறக்குனியா?”

“இல்லண்ணே.”

“பெறகு உப்பு எங்கேருந்துலே வந்துச்சு? வானத்துலேருந்தா?”

“எனக்கென்னண்ணே தெரியும்? வெரசா மாட்டி விடுங்க. ஞாயித்துக்கெழம அடுக்கம் வழியா பெரியகுளத்துக்கு ஒரு கல்யாண ட்ரிப் இருக்கு” என்றான். அடுக்கம் ரோடு முழுக்கச் செங்குத்து இறக்கமும் கொண்டை ஊசி வளைவும் என்று மலைக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். மூன்றாவது ஜோடியை மாட்டி அனுப்பினேன்.

அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. எவனோ வேண்டாதவன் போளூரில் இவன் வண்டியில் உப்புத்தண்ணீர் ஊற்றுகிறான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தி, பெரியண்ணன் முன்னாலேயே சொல்ல வைத்தால்தான் என் பெயர் மீளும். வெள்ளிக்கிழமை மத்தியானமே பட்டறையைச் சாத்திவிட்டு பைக்கை எடுத்தேன். பூம்பாறை தாண்டி அந்த ரோட்டில் போளூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு தனியாகக் கழன்றுவிட்டது. கந்தவேலைத் திட்டுவதற்குப் புதிதாக நாலு வார்த்தை கிடைத்ததுதான் மிச்சம்.

நான் போனபோது விளக்கு வைக்கும் நேரம். கந்தவேல் வீட்டுத் தோட்டத்து வேலிப் பக்கம் பைக்கை நிறுத்தினேன். அப்போதுதான் வண்டி வந்து வாசலில் நின்றிருந்தது. கந்தவேல் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி தேவசேனா உள்ளேயிருந்து வந்தாள். பழனிக்காரப் பெண். ஒரு கை நிறையக் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் வைத்திருந்தாள். வண்டியை வலமாக மூன்று தடவை, இடமாக மூன்று தடவை சுற்றி வந்தாள். மிளகாயை அடுப்பில் போட எடுத்து வைத்துக்கொண்டு, உப்பை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள். சரி, கண் திருஷ்டி, ஊர் வழக்கம்தானே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து மக்கில் மொண்டு முன் சக்கரத்துக்குள் ஊற்றினாள். ஒரு மக்கு இல்லை, சக்கரத்துக்கு நாலு மக்கு. கந்தவேல் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான்!

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வேலியைத் தாண்டிப் போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் கந்தவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். தேவசேனா, “வாங்கண்ணே, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, காப்பி கொண்டாறேன்” என்று உள்ளே போனாள். நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

“தெரியுமாலே உனக்கு?”

“தெரியும்ணே. குகன் வாய்ஸ் போட்டப்பவே தெரிஞ்சு போச்சு.”

“நாசமாப் போறவனே! தெரிஞ்சுக்கிட்டா என் பேர நாறடிச்ச?”

“பிரேக் ஏன் உதறுதுன்னு ஸ்டாண்டுல எல்லாரும் கேட்டாய்ங்கண்ணே. வாயில உங்க பேருதான் வந்துச்சு. வெள்ளனே எந்திரிச்சு நல்ல தண்ணி ஊத்திக் கழுவத்தான்ணே செய்றேன். ராத்திரிக்குள்ள அது புடிச்சுக்கிருது.”

“ஊத்தாதடின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா?”

“சொல்ல முடியாதுண்ணே.”

“ஏன் முடியாது? பொண்டாட்டிக்கு அம்புட்டுப் பயமா? வண்டியில ஆளுகள ஏத்திட்டு மலை எறங்குறியே, அதுக்குப் பயமில்லையா?”

“பயந்துதாண்ணே நாலு மாசத்துக்கு ஒருக்க மாத்துறேன். உங்ககூடன்னா சண்டை போட்டுக்கலாம், ரெண்டு நாள்ல சமாதானம் ஆயிரலாம். அவகிட்ட இதச் சொன்னா...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் காப்பியோடு வந்துவிட்டாள்.

நான் டம்ளரை வாங்கினேன். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு என் பெயர் வேண்டும். வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. இவுக வண்டிக்கு ஏண்ணே மட்டமான சாமானா மாட்டுறீங்க? எங்கண்ணன் வேலுச்சாமியையும் இப்பிடித்தான் எவனோ ஒரு மெக்கானிக்கு மட்டமான பிரேக்கப் போட்டு அனுப்பி வச்சுட்டான். கேரட் லோடு ஏத்திட்டு அடுக்கம் ரோட்டுல எறங்குனாக. பிரேக் புடிக்கலன்னுதான் போலீஸ்ல எழுதுனாக. செவ்வாயும் வெள்ளியும் தவறாம நான் அவுக வண்டிச் சக்கரத்துக்கும் இதே மாதிரி ஊத்துனேன்ணே. அப்படியும் காப்பாத்த முடியல.”

கந்தவேலைப் பார்த்தேன். அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

எனக்கு வாய்க்குள் காப்பி சுட்டது. வேலுச்சாமி வண்டி எதனால் போனதோ, யாருக்குத் தெரியும்? மழையாக இருக்கலாம், லோடு அதிகமாக இருக்கலாம், டிரைவர் தூங்கியிருக்கலாம். ஆனால் உப்பு டிஸ்க்கைத் தின்னும் என்று இவள் காதில் ஒரு தடவை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அதை எந்த மெக்கானிக்காலும் வெளியே எடுக்க முடியாது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கூட்டத்தைப் பள்ளத்தில் தள்ள முடியுமா? இந்தப் பாவி மகன் என்னை எங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டான் பாருங்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“தாயி, ஒண்ணு சொல்றேன் கேளு” என்றேன். “சுத்திப் போடு, வேண்டாங்கல. ஆனா அந்தத் தண்ணிய வாசல்லயே, சக்கரத்துலயே ஊத்தக் கூடாது. ஊத்துனா திருஷ்டி வண்டியோடயே நின்னுரும். முச்சந்தில கொண்டுபோயி ஊத்தணும்.”

பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அவள் திரும்பி, வாளியில் மிச்சமிருந்த உப்புத்தண்ணீரைப் பார்த்தாள்.

“அப்ப எங்கண்ணனுக்கு நான் ஊத்துனது? அதனாலயாண்ணே?”

அறிவு கெட்ட மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எந்தப் பக்கம் பேச்சை வளைத்தாலும் அது அவள் அண்ணன் போன ரோட்டிலேயேதான் போய் இறங்குகிறது.

“அட, நீ வேற!” என்று சத்தம் போட்டேன். கோபமாகச் சொன்னால்தான் நம்புவாள் என்று தோன்றியது. “திருஷ்டியாவது கிருஷ்டியாவது! பிரேக் புடிக்கலன்னா அது மெக்கானிக் தப்பு. உங்கண்ணன் வண்டிக்கும் மெக்கானிக்தான் தப்புப் பண்ணியிருக்கான். இவன் வண்டிக்கும் நான்தான் மட்டமானதப் போட்டேன். போதுமா? இப்ப நல்லது போட்டிருக்கேன். நீ தண்ணிய முச்சந்தில ஊத்து.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இத மொதல்லயே ஒத்துக்கிட்டிருக்கலாம்லண்ணே” என்றாள்.