வியாழக்கிழமை முறை

நான்கு நாள் விடாமல் கொட்டிய மழை திங்கட்கிழமைதான் ஓய்ந்தது. செவ்வாய் காலை வானொலியில் எங்கள் மலைப்பகுதிக்கு வானிலை சொன்னார்கள். வெள்ளி மாலை வரை நல்ல வெயில், சனிக்கிழமை முழுதும் மறுபடி கனமழை. சனிக்கிழமை எங்கள் முறை.

இங்கே திராட்சை அறுவடை முறை வைத்துத்தான். இன்றைக்கு யார் முறையோ அவர் பந்தலில்தான் ஊர்க் கைகள் அத்தனையும். ஒயின் ஆலை லாரியும் அந்த முறைப்படியே வரும். முறை தவறினால் பழம் கொடியிலேயே அழுகும். மழையில் பறித்தாலோ ஆலைக்காரன் வாசலிலேயே திருப்பிவிடுவான்.

"ஏற்கெனவே பாதி இனிப்பு போச்சு. இன்னொரு மழை விழுந்தா ஒரு வருஷ பாடும் போச்சு," என்றார் என் கணவர் ஒலீவியோ. மாத்தே இலைத் தேநீர்க் குடுக்கை அவர் கையில் ஆறிக்கிடந்தது. குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையை எரித்தால் மழை விலகும் என்பது எங்கள் வழக்கம். ஆனால் கதவுக்குப் பின்னால் செருகியிருந்த எங்கள் குருத்தோலையைப் போன மழைக்கே எரித்துத் தீர்த்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்தா பக்கத்துத் தோட்டத்து இர்மாக்கா வேலியோரம் வந்து நிற்க வேண்டும்? புருஷனை இழந்து தனியாகப் பந்தலைக் காப்பவள். வியாழக்கிழமை அவள் முறை.

"ஸெலிந்தா, என் வீட்டுல கரண்டு கம்பி அறுந்து கெடக்கு. ரேடியோ என்னடி சொல்லுது?"

நான் ஒரு ஞாயிறு பூசைகூடத் தவறவிட்டவளில்லை. ஆனாலும் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"வியாழக்கிழம மழையாம்க்கா. சனிக்கிழம பளிச்சுன்னு இருக்குமாம்."

"ஐயோ, என் பழம் மெல்லிசு தோலுடி, தாங்காதே!"

"எங்களது தடிச்ச தோலு, தாங்கும். முறைய மாத்திக்கலாம்க்கா."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்பேடி," என்றாள். எனக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது.

புதன்கிழமை முழுக்க யாராவது அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்களோ என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? வானம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை எங்கள் பந்தலுக்கு ஊரே வந்தது. "மகராசி, மத்தியானம் பொலெண்டாக் களியோட கோழி உண்டா, இல்ல வெறும் களிதானா?" என்று ஜென்டில் அண்ணன் வம்பிழுத்தார். பத்து மணிக்கு மேற்கே கறுத்தது. பதினொன்றுக்கு இடித்தது. ஒரு வரிசைகூட முடியவில்லை.

கூடையைப் போட்டுவிட்டு இர்மாக்கா தன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு கையில் தணல் சட்டி, மறு கையில் அவள் வீட்டுக் குருத்தோலை. எங்கள் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து அதன் நுனியைத் தணலில் வைத்து ஊதினாள்.

"எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு மழைன்னு தெரிஞ்சே எனக்காக முறைய மாத்திக்கிட்டா ஸெலிந்தா. அவ பழம் நனையலாமா?"

"என்ன உளர்றே இர்மா?" என்றார் ஜென்டில் அண்ணன். "போர்ட்டோ அலெக்ரே பட்டணத்துல உக்காந்துக்கிட்டு அந்தக் கட்டையில போற ரேடியோக்காரன் இன்னிக்கு வெயில்னுதானே சொன்னான்! சனிக்கிழமைதான் மழைன்னான்."

பந்தலுக்கு அடியில் கத்தரிச் சத்தம் நின்றது. இர்மாக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒலீவியோவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

"சனிக்கிழமையாடி மழை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

ஓலை பாதி எரிந்திருந்தது. அவள் அதை எடுத்து, விரலாலேயே நெருப்பை நசுக்கி அணைத்து, மிச்சத்தை மடித்து பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப மீதி எனக்கு வேணும்," என்றாள்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கே வந்து பறிக்கத் தொடங்கினாள். முதல் துளி என் கழுத்தில் விழுந்தது.